காசோலையின் பின்பக்கம் கணக்கு எண் எழுதினால் அது யார் கைக்குப் போகும்?

ஜனவரி 9, காலை: கேள்வி

எனக்கு வர வேண்டிய பணத்துக்கு ஒருவர் செக் கொடுத்தார். வங்கியில் போடப் போனேன். சலானை முழுதாக நிரப்பிக் கொடுத்த பிறகும், செக்கின் பின்பக்கம் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சலானில்தான் எல்லாம் இருக்கிறதே என்றேன். எல்லாரும் எழுதுகிறார்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், ஆனால் உறுத்துகிறது. செக் கொடுத்தவருக்கும் எனக்கும் நல்லுறவு இல்லை. நான் பின்னால் எழுதியது அவர் கண்ணில் படுமா? என் கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு அவர் ஏதாவது செய்ய முடியுமா?

ஜனவரி 9, இரவு

பல ஆண்டுகள் ஒரு வங்கியின் கிளியரிங் பிரிவில், அதாவது செக்குகளை மற்ற வங்கிகளுக்கு அனுப்பிப் பணமாக்கும் இடத்தில், வேலை பார்த்தவன் நான். முதல் கேள்விக்குப் பதில்: படலாம்.

போட்ட செக் நம் வங்கியோடு நின்றுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பணம் தர வேண்டியது கொடுத்தவருடைய வங்கி. அந்த வங்கி கையெழுத்தைப் பார்க்க வேண்டும், தேதியைப் பார்க்க வேண்டும், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் அங்கே போயாக வேண்டும். முன்பு தாளே போனது, இப்போது படம் போகிறது. தாளுக்குப் பதில் படத்தை அனுப்பும் இந்தியாவின் சி.டி.எஸ் முறையில் ஒரு செக்குக்கு மூன்று படங்கள்: முன்பக்கம் சாம்பல் நிறச் சாயல்களோடு ஒன்று, முன்பக்கமே கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. நீங்கள் எழுதியது அந்த மூன்றாவது படத்தில் அப்படியே இருக்கிறது.

கொடுத்தவர் தன் வங்கியிடம் செக்கின் நகல் கேட்டால் சான்றளித்த படத்தைத் தருவார்கள். அமெரிக்காவில் கேட்கவே வேண்டாம். அங்கே பல வங்கிகள், பணமாகிவிட்ட செக்கின் இரு பக்கங்களையும் கொடுத்தவருடைய இணையக் கணக்கிலேயே காட்டுகின்றன.

இரண்டாவது கேள்வி பெரியது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 10

உங்கள் எண் அவரிடம் போகுமா என்று கேட்கிறீர்கள். அவருடைய எண் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்ததே, கவனித்தீர்களா?

செக் எழுதுகிறவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லிவிடுகிறார் என்று பாருங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு எண், பெயர், மாதிரிக் கையெழுத்து. கூட்டுக் கணக்காக இருந்தால் இன்னொருவர் பெயரும் தெரிந்துவிடும். அமெரிக்கச் செக்குகளில் வீட்டு முகவரியை அச்சடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வரிசை எண்கூட வாய் திறக்கும். ஒரே செக் புத்தகத்திலிருந்து இரண்டு மாத இடைவெளியில் இரண்டு செக் வாங்கினால், நடுவில் அவர் எத்தனை தாள் கிழித்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுவிடலாம். அதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசிய வியாபாரிகளை எனக்குத் தெரியும்.

அடியில் வரிசையாக இருக்கும் விநோத எழுத்துருவுக்கு இ-13பி என்று பெயர். பத்து இலக்கங்கள், நான்கு குறிகள், மொத்தம் பதினான்கே எழுத்துகள். இரும்பு ஆக்சைடு கலந்த மையில் அச்சடிப்பதால், மேலே ரப்பர் ஸ்டாம்ப் அடித்தாலும் பேனாவால் கிறுக்கினாலும் இயந்திரம் காந்தத்தால் படித்துவிடும். 1950-களின் கடைசியில் அமெரிக்க வங்கிகள் இதைத் தேர்ந்தெடுத்தன. இந்தியாவும் பிரிட்டனும் இதையேதான் பயன்படுத்துகின்றன. பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் சி.எம்.சி-7 என்ற வேறு எழுத்துரு.

அந்த வரியில் என்ன இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் செக்கில் எந்த வங்கி என்று சொல்லும் 9 இலக்க ரவுட்டிங் எண்ணும் முழுக் கணக்கு எண்ணும் இருக்கும். இந்தியச் செக்கில் 6 இலக்கச் செக் எண், 9 இலக்கக் குறியீடு (ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று), கணக்குக்கு 6 இலக்கம், செக் வகைக்கு 2 இலக்கம். முழுக் கணக்கு எண் மேலே தனியாக அச்சாகியிருக்கும்.

நான் சொல்ல வருவது, கணக்கு எண் என்பது வீட்டுக் கதவு எண் மாதிரிதான். வெளியில் தெரிந்தால்தான் பணம் வந்து சேரும். ஜெர்மனியில் நிறுவனங்கள் தங்கள் ஐபான் எண்ணை, அதாவது நாடுகளுக்கிடையே செல்லும் கணக்கு எண்ணை, கடிதத்தாளின் அடியிலேயே அச்சடித்து வைத்திருக்கின்றன. அதை யாரும் ரகசியமாக நினைப்பதில்லை.

ஜனவரி 10, பிற்பகல்

அப்படியானால் பயமே வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அப்படி நான் சொல்லவில்லை. எண் வெளியில் தெரிவது ஒரு விஷயம். அந்த எண்ணைச் சொன்னாலே பணத்தை எடுக்க விடும் ஏற்பாடு வேறு விஷயம். அந்த ஏற்பாடு உள்ள இடங்களில்தான் பயம்.

ஜனவரி 12

இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். இரண்டுமே 2008-ல் நடந்தவை.

2007 நவம்பரில், குழந்தைகள் உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தகடுகளைப் பிரிட்டன் வரித்துறை தொலைத்துவிட்டது. சுமார் 2.5 கோடிப் பேரின் விவரங்கள், வங்கிக் கணக்கு எண்கள் உட்பட. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன், இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம், கணக்கு எண் தெரிந்தால் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது என்று எழுதி, தன் கணக்கு எண்ணையே பத்திரிகையில் போட்டார். அடுத்த ஜனவரியில் கணக்கைப் பார்த்தால் 500 பவுண்டு குறைந்திருந்தது. யாரோ அவர் பெயரில் நீரிழிவு நோயாளிகளுக்கான ஓர் அறக்கட்டளைக்கு டைரக்ட் டெபிட், அதாவது கணக்கிலிருந்து பணம் தானாகக் கழியும் ஏற்பாடு, செய்துவிட்டார்கள். தான் சொன்னது தவறு என்று அவரே எழுதினார். தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்பதால், செய்தது யார் என்று வங்கியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் எழுதினார்.

இன்னொருவர் கணினி அறிஞர் டொனால்டு கனூத். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு 2.56 டாலர் செக் எழுதி அனுப்புவது அவர் வழக்கம். வாங்கியவர்கள் அதைப் பணமாக்குவது அபூர்வம். பெருமைக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள், படம் எடுத்து இணையத்திலும் போட்டார்கள். அடுத்தடுத்து மோசடி நடந்ததில் அவர் மூன்று கணக்குகளை மூட வேண்டியதாகிவிட்டது. 2008-ல் உண்மையான செக்குகளை நிறுத்திவிட்டு, சான் செரிஃப் என்ற கற்பனைத் தீவின் கற்பனை வங்கி பெயரில் சான்றிதழ் தர ஆரம்பித்தார். மாட்டி வைப்பதற்கு அதுவே இன்னும் அழகு.

இரண்டு பேருக்கும் நடந்ததற்குக் காரணம், அந்த நாடுகளில் கணக்கிலிருந்து பணத்தை இழுக்கிற வழிகளில் சில, எண்ணைச் சொன்னவரை நம்பிவிடுகின்றன. அமெரிக்காவில் வாடிக்கையாளர் கையெழுத்தே இல்லாமல், தொலைபேசியில் அவர் சம்மதித்தார் என்று சொல்லி மற்றவர் அச்சடிக்கும் செக் ஒரு வகை உண்டு. ரவுட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும் இருந்தால் அதை அச்சடித்துவிடலாம். தொலைபேசி விற்பனைக்காரர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2015-ல் அங்கே விதி கொண்டுவந்தார்கள். கொண்டுவர வேண்டிய நிலைமை இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பிரிட்டனில் இதற்கு மருந்து வேறு மாதிரி. டைரக்ட் டெபிட் தவறாகப் போனால் வாடிக்கையாளருக்கு முழுப் பணமும் திரும்பத் தர வேண்டும் என்று உத்தரவாதம் இருக்கிறது. யூரோ நாடுகளின் முறையில், எட்டு வாரத்துக்குள் கேட்டால் காரணம் சொல்லாமலே பணம் திரும்பும், அனுமதியே தராமல் கழித்த பணமாக இருந்தால் 13 மாதம் வரை கேட்கலாம். எண்ணை மூடி வைப்பதைவிட இது நல்ல ஏற்பாடு என்பது என் கட்சி. எண் எப்படியும் வெளியே போகும். போன பிறகு இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

ஜனவரி 13

இந்தியாவில் எப்படி என்று கேட்டவருக்கு: மாதாமாதம் பணம் கழிக்க மாண்டேட் வேண்டும், அதாவது கணக்கு வைத்திருப்பவர் முன்கூட்டியே தரும் அனுமதி. ஒன்று, கையெழுத்திட்ட தாள். இல்லையென்றால் இணையவழி ஒப்புதல். கணக்கு எண் மட்டும் போதாது.

ஆனால் "கையெழுத்திட்ட தாள்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதல் கேள்வியில் என்ன எழுதச் சொன்னார்கள்? கணக்கு எண், கைப்பேசி எண், கையெழுத்து. மூன்றும் ஒரே பக்கத்தில். கணக்கு எண் தனியாகப் போனால் எனக்குக் கவலையில்லை. மாதிரிக் கையெழுத்து பக்கத்தில் உட்கார்ந்தால் கவலை.

ஜனவரி 13, இரவு

கைப்பேசி எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் எழுதக் கூடாதது ஒன்றுதான் என்றால் அது இதுதான்.

உங்களுக்கு ஓர் அழைப்பு வருகிறது. பேசுகிறவர் உங்கள் பெயர் சொல்கிறார். இன்ன வங்கியின் இன்ன எண்ணுள்ள செக், இவ்வளவு தொகை, நேற்றுப் போட்டீர்கள், கையெழுத்தில் சிக்கல், சரிசெய்ய ஓ.டி.பி அனுப்பியிருக்கிறோம், படியுங்கள் என்கிறார். இத்தனை விவரம் தெரிந்தவர் வங்கிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். இத்தனையும் அந்த ஒரு தாளின் இரண்டு பக்கங்களில் இருக்கிறது. அதைப் பார்த்தவர் யாரும் பேசலாம்.

உங்கள் கைப்பேசி எண் உங்கள் வங்கியிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. கணக்கு எண்ணை வைத்து அவர்களால் எடுக்க முடியும். பிறகு எதற்குப் பின்பக்கத்தில்?

ஜனவரி 14

ஊழியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என் பழைய சக ஊழியர்களுக்குத் துரோகம். செக்கும் சலானும் குண்டூசியிலோ கிளிப்பிலோதான் சேர்ந்திருக்கும். செக் போடும் பெட்டியான டிராப் பாக்ஸைத் திறந்து கொட்டினால் சில சலான்கள் தனியாக வந்துவிழும். ஸ்கேனரில் போடும் முன் குண்டூசியை எடுத்தாக வேண்டும், அப்போதும் பிரியும். ஒரே பெயரில் நாலு பேருக்குக் கணக்கு இருக்கும். செக் யாருக்கு என்று தெரியாமல் மாலைவரை தேடியிருக்கிறேன். பின்பக்கம் கணக்கு எண் இருந்தால் அரை நிமிட வேலை. அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே கவுன்டரில் நேரே கொடுத்துச் சலானின் அடிக்கட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் டிராப் பாக்ஸ் வைத்திருக்கும் கிளையும், கவுன்டரில் கொடுத்தால் வாங்கி ஒப்புகை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பெட்டியில் போடுங்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது. கையில் வாங்கிய செக்குக்குப் பின்பக்கக் குறிப்பு அவ்வளவு அவசியமும் இல்லை.

ஜனவரி 16

10-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். கணக்கு எண் ரகசியம் இல்லை என்று பொதுவாகச் சொன்னது பெரும்பாலோருக்குச் சரி. சிலருக்கு அது போதாது. கேட்டவர் "நல்லுறவு இல்லை" என்று எழுதியிருந்ததை நான் வேகமாகத் தாண்டிப் போய்விட்டதாகத் தோன்றுகிறது.

கணவனிடமிருந்து பிரிந்து வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக்கு அவன் செக் அனுப்புகிறான். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. செக்கின் பின்பக்கம் கணக்கு எண்ணும் கிளை முத்திரையும் விழுந்தால்? இந்திய வங்கிகள் பலவற்றில் கணக்கு எண்ணின் முதல் சில இலக்கங்களே கிளையைச் சொல்லிவிடும். அவளுக்கு அந்த எண் வெறும் எண் கிடையாது, இருப்பிடம்.

அதேபோல் கடன் வழக்கில் ஜெயித்தவருடைய வக்கீல் முதலில் தேடுவது, எதிராளியின் கணக்கு எங்கே இருக்கிறது என்பதைத்தான். கணக்கை முடக்க நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டுமென்றால் வங்கி பெயர் வேண்டும். எதிராளி என்றோ கொடுத்த ஒரு செக்கின் நகல் கிடைத்தாலே தேடல் முடிந்தது. இது சட்டப்படி சரியான வேலைதான். அந்த எண் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே எண் ரகசியமா இல்லையா என்று பொதுவாகக் கேட்பதே போதாது. யாரிடம் போகிறது, எதோடு சேர்ந்து போகிறது என்று கேட்க வேண்டும்.

ஜனவரி 17

பின்பக்கத்தைப் பற்றிப் பேசும்போது டூர்னியர் வழக்கை விட முடியாது. வங்கி ரகசியம் பற்றி ஆங்கிலேயச் சட்டத்தின் மூலைக்கல் அது. 1924 தீர்ப்பு. மொத்தக் கதையும் ஒரு செக்கின் பின்பக்கத்தில் தொடங்குகிறது.

டூர்னியர் என்பவருக்கு ஒரு வங்கியில் கணக்கு. கணக்கில் இருந்ததைவிட அதிகமாக எடுத்ததில் (ஓவர் டிராஃப்ட்) சில பவுண்டு பாக்கி. வாரம் ஒரு பவுண்டாகக் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பிறகு நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் அதே வங்கியின் இன்னொரு வாடிக்கையாளர் அவர் பெயருக்கு 45 பவுண்டு செக் கொடுத்தார். டூர்னியர் அதைத் தன் கணக்கில் போடவில்லை, பின்பக்கம் கையெழுத்திட்டு வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் வேறு வங்கியில் போட, செக் கிளியரிங்கில் திரும்பி முதல் வங்கிக்கே வந்தது. மேலாளர் அதைப் பார்த்தார். பணம் வாங்கியது யார் என்று அந்த இன்னொரு வங்கியை விசாரித்தார். பந்தயத் தரகர் என்று பதில் வந்தது. உடனே டூர்னியர் வேலை பார்த்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேச்சுவாக்கில் பாக்கியைச் சொன்னார், சூதாடுகிற ஆள் போலிருக்கிறது என்றும் சொன்னார். மூன்று மாத வேலை ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனம் புதுப்பிக்கவில்லை.

முதல் நீதிமன்றத்தில் டூர்னியர் தோற்றார். மேல்முறையீட்டில், வாடிக்கையாளரின் விவகாரங்களை வெளியே சொல்லாமல் இருப்பது வங்கியின் சட்டக் கடமை என்று நீதிபதிகள் சொல்லி, மறு விசாரணைக்கு அனுப்பினார்கள். நான்கு விலக்குகள் மட்டும் வைத்தார்கள்: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்கள் நலனுக்குக் கடமைப்பட்டால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால். நூறாண்டு கழித்தும், இந்தியா உட்பட ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் வங்கி ரகசியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த நான்கும் வந்துவிடும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, மேலாளர் அந்தச் செய்தியை டூர்னியரின் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. இன்னொருவர் எழுதிய செக்கின் பின்பக்கத்திலிருந்து எடுத்தார். அதையும் பாதுகாக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. செக் கையாளும் எல்லாருக்கும் வேலையில் சேரும் அன்றே இந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 21

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு திசையில் போனது. 1970-ல் வந்த ஒரு சட்டம், செக்குகளைப் படமெடுத்து வைக்க வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. அது 1974-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது செல்லும் என்றே தீர்ப்பானது. மாறுபட்ட நீதிபதி டக்ளஸ், ஒருவர் எழுதும் செக்குகளே ஒரு வகையில் அவர் யார் என்று காட்டிவிடும் என்ற கருத்தை எழுதினார். எந்த மருத்துவர், எந்த வக்கீல், எந்தக் கட்சி, எந்தக் கோயில் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1976-ல் மில்லர் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், செக் என்பது வங்கியிடம் தானாகக் கொடுத்துவிட்ட வணிக ஆவணம், அதில் வாடிக்கையாளர் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்றது. எதிர்ப்பு எழுந்து, 1978-ல் நிதி அந்தரங்க உரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

இந்திய உச்ச நீதிமன்றம் கனரா வங்கி வழக்கில் மில்லர் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆந்திரத்தின் முத்திரைச் சட்டத் திருத்தம், கலெக்டர் அனுமதித்த யாரும் வங்கிக்குள் போய் ஆவணங்களைப் பார்க்கலாம் என்றது. அது செல்லாது என்றார்கள். அந்தரங்கம் மனிதரைச் சேர்ந்தது, இடத்தைச் சேர்ந்தது இல்லை, ஆவணத்தை வங்கியிடம் கொடுத்துவிட்டதாலேயே அந்த உரிமை போய்விடாது என்பது அதன் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சொல்வதற்கு முன்பே வந்த தீர்ப்பு. நம்மில் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

ஜனவரி 22

கார்டு ரசீதில் கடைசி சில இலக்கங்கள்தான் தெரிகின்றன, செக்கில் மட்டும் ஏன் முழு எண் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கார்டு எண்ணைச் சொன்னால் பணம் போய்விடலாம், அதனால் மறைக்கிறார்கள். அமெரிக்காவில் 2003-ல் வந்த சட்டப்படி, அச்சாகும் கார்டு ரசீதில் கடைசி ஐந்து இலக்கத்துக்கு மேல் காட்டக் கூடாது. செக்கின் எண்ணை மறைத்தால் எந்தக் கணக்கில் கழிப்பது என்றே தெரியாது. செக்கின் பாதுகாப்பு கையெழுத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் உருவான முறை இது. அந்த நம்பிக்கை தேய்ந்து வருகிறது. அமெரிக்க வங்கிகள் அரசுக்கு அனுப்பிய செக் மோசடிச் சந்தேக அறிக்கைகள் 2021-ல் சுமார் 3.5 லட்சம், 2022-ல் சுமார் 6.8 லட்சம். தபாலில் திருடி, மையைக் கழுவி, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுகிறார்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பாசிட்டிவ் பே வந்தது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எழுதும்போது செக் எண், தேதி, பெயர், தொகையை நம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் அதைக் கட்டாயமாக்கலாம். கையெழுத்தை மட்டும் நம்பாமல், எழுதியவரிடமே கேட்டுக்கொள்வது. எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஜனவரி 28

இன்று கவுன்டரைப் பற்றி. சட்டம், இயந்திரம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பார்த்ததில் அதிகமான விவரம் கசிந்தது வாய் வழியாகத்தான்.

வரிசையில் பத்துப் பேர் நிற்க, "உங்க அக்கவுன்ட் நம்பர் சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்பது. அவரும் சத்தமாகச் சொல்வது. "செக் ரிட்டர்ன் ஆயிடுச்சே, அவர் அக்கவுன்ட்ல பணமே இல்ல" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வது. இந்தக் கடைசி வாக்கியத்தில் இரண்டு பேருடைய மானம் இருக்கிறது, ஒருவர் அங்கே இல்லவே இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், வந்த செக்குகளை மூடி வைக்காமல் மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சேவைக்கு வருகிறவர், தண்ணீர் கொண்டுவருகிறவர் எல்லாரும் கடந்து போவார்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று படிக்க ஐந்து விநாடி போதும். கேட்டபோது, இதில் என்ன இருக்கிறது என்றார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சலானை எழுதிக் காட்டச் சொல்லலாம். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் சொல்லிச் சரிபார்க்கலாம். திரும்பிய செக்கை உறையில் போட்டுக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் சட்டமும் மென்பொருளும் வேண்டியதில்லை.

பிப்ரவரி 4

தாள் எங்கே போகிறது என்று கேட்டவருக்கு.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் விமானங்கள் நின்றபோது செக் மூட்டைகளும் நின்றுபோயின. தாள் பறக்காமல் படத்தால் வேலை நடக்கட்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுத்தது. 2003-ல் சட்டம் வந்து 2004 அக்டோபரில் அமலானது. இந்தியாவில் 2008-ல் டெல்லியிலும் 2011-ல் சென்னையிலும் தொடங்கியது. பிரிட்டன் 2017-ல்.

இந்திய முறையில் தாள், போட்டவருடைய வங்கியிலேயே தங்குகிறது. பத்தாண்டு பாதுகாக்க வேண்டும். அமெரிக்காவில் கைப்பேசியில் படமெடுத்துச் செக் போடுகிறவர்களுக்குத் தாள் அவர்கள் கையிலேயே இருக்கும். வங்கி சொன்ன காலம்வரை வைத்திருந்து பிறகு பொடியாகக் கிழித்துப் போட வேண்டும். முழுதாகக் குப்பையில் போனால் அதில் இன்னொருவருடைய எண்ணும் கையெழுத்தும் போகிறது. அந்தப் படம் கைப்பேசியின் படத்தொகுப்பில் தங்கிவிட்டதா என்றும் பாருங்கள்.

பிப்ரவரி 5

கேன்சல்டு செக். இதை மறந்தே போனேன். கடனுக்கு, வைப்பு நிதிக்கு, வேலைக்கு என்று எங்கே போனாலும் ஒன்று கேட்கிறார்கள். குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் "கேன்சல்டு" என்று பெரிதாக எழுதுங்கள். அடியில் இருக்கும் வரியிலும் கணக்கு எண்ணிலும் கோடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் படிக்கத்தான் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போடச் சொன்னால் எதற்கென்று கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது எண், உங்கள் கையெழுத்து இல்லை.

பிப்ரவரி 11

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். கிளையில் பேசினாராம். கைப்பேசி எண் கட்டாயமில்லை என்று ஒப்புக்கொண்டார்களாம். ஏற்கெனவே எழுதியதை அடிக்க முடியுமா, தாளைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்கிறார்.

முடியாது. பணம் வந்துவிட்ட செக்கின் தாள் உங்கள் வங்கியின் காப்பில் இருக்கும். படம் அவருடைய வங்கியில் இருக்கிறது, அது அங்கே ஆவணம். அதிலிருந்து ஒரு வரியை மட்டும் நீக்க வழியில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பணம் கழியும்போதெல்லாம் குறுஞ்செய்தி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத மாண்டேட் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வங்கியின் இணையப் பக்கத்தில் பாருங்கள், பல வங்கிகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அந்தச் செக்கைக் குறிப்பிட்டு யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் கிளையின் எண்ணுக்கு நீங்களாகப் பேசுங்கள். அவரிடமிருந்து இன்னும் செக் வர வேண்டியிருந்தால் கவுன்டரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பின்பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்றால் பெயரும் கணக்கு எண்ணும் போதும். கையெழுத்தும் கைப்பேசி எண்ணும் சலானில் இருக்கட்டும், சலானின் படம் அவருடைய வங்கிக்குப் போவதில்லை.